ஈயக் குண்டின் புகை



நெருப்பில்லாமல் புகையாது என்பது நம்மவர் பழமொழி. பழமொழி உண்மைதான். ஆயினும் நெருப்பு ஒன்றாயிருக்க, அந்நெருப்பில் புகையும் பொருள்கள் இரண்டாகவோ மூன்றாகவோ இருக்கலாம். அடுப்பில் விறகும் புகையும். சட்டியில் எண்ணெயும் புகையும். விறகை மாற்றிவிட்டால் எண்ணெயின் புகை நின்றுவிடாது. இந்த எளிய செய்தியைத் துப்பாக்கித் தொழிலில் உலகம் எவ்வாறு கற்றுக்கொண்டது, அதற்கு எத்தனை காலம் பிடித்தது, இடையில் நம் நாட்டு வரலாறு எப்படி அதனுடன் பின்னிக்கொண்டது என்பதைச் சொல்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

நான் அம்பத்தூரில் குடியிருப்பவன். எங்கள் ஊரிலிருந்து மேற்கே ரயிலில் சில நிமிடங்களில் ஆவடியை அடையலாம். அங்கே 1961ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965ஆம் ஆண்டின் இறுதியில் 'விஜயந்தா' என்னும் முதல் டாங்கி வெளிவந்தது. அதே அறுபதுகளில் அம்பத்தூரில் தொழிற்பேட்டை எழுந்தது. லேத்துப் பட்டறைகளும் அச்சு வார்க்கும் சிறு ஆலைகளும் தெருத்தெருவாய் நிறைந்தன. படைக்கலத் தொழிலும் பொறித்தொழிலும் அண்டை வீட்டாராய் வாழும் பகுதி இது. துப்பாக்கிப் புகையைப் பற்றி இங்கிருந்து பேசுவது பொருத்தமே என்று கருதுகிறேன்.

முதலில் பழைய கரிமருந்தைப் பார்ப்போம். வெடியுப்பு 75 பங்கு, கரி 15 பங்கு, கந்தகம் 10 பங்கு: இம்மூன்றையும் அரைத்துக் கலந்தால் கரிமருந்து. பல நூற்றாண்டுகள் உலகத்துப் போர்களையெல்லாம் நடத்தியது இந்தக் கலவையே. இதற்கு வேண்டிய வெடியுப்புப் பெருமளவில் நம் பீகாரில் விளைந்தது; டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் அதைக் கப்பல் கப்பலாக ஏற்றிச் சென்றனர். வங்காளத்தில் இச்சாப்பூரில் 1787ஆம் ஆண்டில் கும்பெனியார் வெடிமருந்துச் சாலை ஒன்றைத் தொடங்கினர். 1791ஆம் ஆண்டு முதல் அங்கே மருந்து உற்பத்தியாயிற்று. நம் சென்னையிலும் புளியந்தோப்பில் 'பவுடர் மில்' என்று ஒரு சாலைக்குப் பெயர் இன்றும் வழங்குகிறது.

கரிமருந்து எரியும்போது அதன் எடையில் பாதிக்கும் குறைவான பகுதியே வாயுவாகிறது. மிகுதி, பாதிக்கும் மேற்பட்டது, பொட்டாசியம் உப்புகளாகிய நுண்ணிய திடத் துகள்களாக வெளிப்படுகிறது. வெண்மேகம்போல் எழும் புகை அத்துகள்களே. துப்பாக்கியின் குழலுக்குள் கரிய கசடாய்ப் படிவதும் அவையே. முதல் வரிசை வீரர் ஒருமுறை சுட்டதும் எதிரியும் தெரியமாட்டான், நண்பனும் தெரியமாட்டான். அக்காலத்துப் படைகள் சிவப்பும் நீலமுமாகக் கண்ணைப் பறிக்கும் உடைகளை அணிந்ததற்கு இந்தப் புகைமூட்டமும் ஒரு காரணம். புகைக்குள்ளே தன் ஆளைத் தானே அடையாளம் காண வேண்டியிருந்தது.

அடுத்து, குண்டைப் பார்ப்போம். குண்டுக்கு ஈயத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் காரணத்தோடுதான் தேர்ந்தெடுத்தனர். ஈயம் கனமானது, மலிவானது, 327 பாகை சென்டிகிரேடு வெப்பத்திலேயே உருகிவிடும். அடுப்பும் அச்சும் இருந்தால் போதும், குண்டு வார்த்துவிடலாம். மென்மையான உலோகமாதலால் குழலின் உட்புறத்தில் வெட்டியுள்ள சுருள் பள்ளங்களை எளிதில் பற்றிக்கொண்டு, பம்பரம்போல் சுழன்று நேராகச் செல்லும். ஆனால் அந்த மென்மையே ஒரு குறையும் ஆயிற்று. குழலில் உராயும் ஈயம் உள்ளே ஒட்டிக்கொள்ளும். மருந்தின் கசடும் சேர்ந்தால் அடுத்த குண்டு உள்ளே இறங்க மறுக்கும். ஆகவே குண்டுக்கு ஒரு மசகு தேவைப்பட்டது. கொழுப்பு, மெழுகு, எண்ணெய் ஆகியவற்றைக் கலந்து தடவினார்கள். கசடை இளக்குவதும், ஈயம் ஒட்டாமல் தடுப்பதும் அந்த மசகின் வேலை.

இந்த மசகு நம் நாட்டு வரலாற்றில் பெற்ற இடத்தை நீங்கள் பள்ளிப் பாடத்திலேயே படித்திருப்பீர்கள். 1853ஆம் ஆண்டின் என்பீல்டு துப்பாக்கிக்குரிய தோட்டா ஒரு காகிதச் சுருள். அதற்குள் மருந்தும் குண்டும் இருக்கும். குண்டிருக்கும் முனையில் கொழுப்புத் தடவியிருக்கும். சிப்பாய் அதன் மறுமுனையைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, குண்டைக் கோலால் இடித்து இறக்க வேண்டும். அக்கொழுப்பு பசுவினுடையது, பன்றியினுடையது என்ற பேச்சு 1857 ஜனவரியில் கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் எழுந்தது. சிப்பாய்கள் தமக்கு ஏற்ற மசகைத் தாமே தடவிக்கொள்ளலாம் என்று அதிகாரிகள் பிறகு இறங்கி வந்தனர். எனினும் நம்பிக்கை முன்பே அற்றுப்போயிருந்தது. மீரத்தில் ஏப்ரல் 24ஆம் நாள் 85 குதிரைப்படை வீரர்கள் தோட்டாவைத் தொட மறுத்தனர். அன்று அவர்களுக்குக் கொடுக்கப்பட்டவை பழைய வகைத் தோட்டாக்களே என்று அதிகாரிகள் கூறியதை அவர்கள் ஏற்கவில்லை. மே 9ஆம் நாள் அவர்களுக்கு விலங்கு பூட்டப்பட்டது. 10ஆம் நாள் கிளர்ச்சி வெடித்தது.

அந்தப் பெரும் எழுச்சிக்குக் காரணங்கள் பல. நிலவரி, நாடு பறிப்பு, சம்பளக் குறை, மதத்தின்மேல் கொண்ட அச்சம் என அவை அடுக்கடுக்காய்க் கிடந்தன. கொழுப்பு, பற்றவைத்த பொறி மட்டுமே. ஆனால் தொழில்நுட்ப நோக்கில் நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கரிமருந்தின் கசடு மிகுந்ததனால்தான் மசகு அத்தனை இன்றியமையாததாயிற்று. மருந்தும் ஈயமும் மசகும் மூன்று கண்ணிகளாகக் கோத்த ஒரு சங்கிலி. ஒரு கண்ணியை மட்டும் மாற்றினால் என்ன நேரும் என்பதைத்தான் அடுத்த அரை நூற்றாண்டு காட்டியது.

1846ஆம் ஆண்டில் ஷான்பைன் என்னும் வேதியியல் அறிஞர் பஞ்சை நைட்ரிக அமிலத்திலும் கந்தக அமிலத்திலும் தோய்த்து வெடிபஞ்சு செய்து காட்டினார். அது புகையின்றி எரிந்தது. ஆயினும் அதன் வேகத்தை அடக்க முடியாமல் ஆலைகள் பல வெடித்துச் சிதறின. 1884ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுப் பால் வியே என்பவர் வெடிபஞ்சைக் கரைத்துக் களியாக்கித் தகடாகத் திரட்டி அதன் வேகத்தை அடக்கினார். 1887இல் ஆல்பிரட் நோபலும், 1889இல் இங்கிலாந்தில் ஏபெல், டுவார் என்னும் இருவரும் தத்தம் வழியில் புகையற்ற மருந்து செய்தனர். ஆங்கிலேயரின் மருந்து கயிறு கயிறாகப் பிழியப்பட்டதால் 'கார்டைட்' எனப் பெயர் பெற்றது. நைட்ரோகிளிசரின் 58 பங்கும், வெடிபஞ்சு 37 பங்கும், வாசலின் 5 பங்கும் சேர்ந்தது அது. அந்த வாசலினைச் சேர்த்ததும் குழலுக்குள் உலோகம் ஒட்டாமல் வழுக்கட்டும் என்றே. மருந்து கெடாமல் நெடுநாள் நிற்பதற்கும் அது உதவுகிறது என்பது பிறகு தெரியவந்தது. புதிய மருந்திலும் மசகின் கவலை தீரவில்லை என்பதை இங்கே நோக்குங்கள்.

இம்மருந்து எரிந்தால் கரிவாயுக்களும் நீராவியும் நைட்ரஜனுமே பெரும்பாலும் எஞ்சும். அவை கண்ணுக்குப் புலப்படா. இதன் விளைவை உலகம் தென்னாப்பிரிக்காவில் கண்டது. 1899 டிசம்பர் 15ஆம் நாள் கொலென்சோ என்னும் இடத்தில், ஆற்றங்கரைப் பதுங்குகுழிகளிலிருந்து போயர்கள் புகையற்ற மருந்தால் சுட்டனர். முன்னேறி வந்த ஆங்கிலப் படைக்குக் குண்டு மட்டும் வந்து தைத்தது; சுட்டவன் இருந்த இடம் தெரியவில்லை. அன்று காயமுற்றவர்களைத் தூளியில் சுமந்து சென்றவர்களில் காந்தியடிகள் திரட்டிய இந்தியத் தொண்டர் படையினரும் இருந்தனர். ஏறத்தாழ 1,100 பேர் கொண்ட அப்படையில் பெரும்பகுதியினர் நேட்டால் கரும்புத் தோட்டங்களில் உழைத்த ஒப்பந்தக் கூலிகள். சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிச் சென்ற தமிழரும் தெலுங்கரும் அத்தோட்டங்களில் மிகுதி. புகையற்ற போரின் முதற்பெரும் காட்சிகளில் ஒன்றைக் கண்ணெதிரே கண்டவர்கள் நம்மவர்கள்.

அதே ஆண்டில், 1899இல், மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர்வரை மலைரயில் ஓடத் தொடங்கியது. குன்னூரை அடுத்த அருவங்காட்டில் 1903ஆம் ஆண்டில் கார்டைட் தொழிற்சாலை நிறுவப்பெற்றது. நைட்ரோகிளிசரின் சேர்ந்த மருந்து வெப்பத்தைப் பொறுக்காதது. நீலகிரியின் குளிர் அதற்கு ஏற்றது. ஆலைக்கு வேண்டிய மின்சாரம் காட்டேரி நீர்வீழ்ச்சியிலிருந்து எடுக்கப்பட்டது. இங்கே புதிய மருந்து பிறந்த அதே காலத்தில், வங்காளத்து இச்சாப்பூரில் பழைய கரிமருந்துச் சாலை இருந்த இடத்திலே 1904ஆம் ஆண்டில் துப்பாக்கித் தொழிற்சாலை எழுந்தது. கரிமருந்தின் காலம் முடிந்தது என்று இவ்விரண்டு ஊர்களும் சேர்ந்து அறிவித்தாற்போல் இருந்தது.

மருந்தில் புகை ஒழிந்தது. துப்பாக்கியில் புகை ஒழிந்ததா? நீண்ட துப்பாக்கியில் ஒழிந்தது. அதற்குக் காரணம் குண்டும் உடன் மாறியதே. புதிய மருந்தின் வேகத்தில், நொடிக்கு 600 மீட்டர் அளவில் பாயும்போது, வெற்று ஈயம் சுருள் பள்ளங்களைப் பற்ற முடியாமல் சிதைந்தது. ஆகவே ஈயத்திற்குத் தாமிரச் சட்டை அணிவித்தனர். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ரூபின் என்பவர் 1882ஆம் ஆண்டிலேயே இதற்கு வழிகாட்டியிருந்தார். சட்டையணிந்த குண்டுக்குக் கொழுப்பு வேண்டியதில்லை. மருந்து, குண்டு, மசகு ஆகிய மூன்று கண்ணிகளும் ஒருங்கே மாறின, புகை மறைந்தது.

கைத்துப்பாக்கியின் கதை வேறு. அதன் குழல் குறுகியது. குண்டின் வேகமும் குறைவு. 1887ஆம் ஆண்டில் ஆங்கிலப் படையில் சேர்ந்த வெப்ளி ரிவால்வரின் குண்டு நொடிக்கு 200 மீட்டர் அளவில்தான் சென்றது. அந்த வேகத்திற்கு ஈயம் போதும். தொண்ணூறுகளில் அதன் தோட்டாவில் கரிமருந்து போய்க் கார்டைட் வந்தது. ஏறத்தாழ 17 கிராம் எடையுள்ள ஈயக் குண்டு மட்டும் அப்படியே நின்றது. அதைச் சுற்றியிருந்த பள்ளங்களில் மெழுகும் கொழுப்பும் அப்படியே நின்றன. பின்னர் வந்த 0.380 அங்குல ரிவால்வருக்கும் முதலில் ஈயக் குண்டுதான். உடலுக்குள் விரிந்து சிதையும் குண்டுகளை 1899ஆம் ஆண்டின் ஹேக் பிரகடனம் விலக்கியிருந்ததால், 1930களின் இறுதியில் அதற்கும் தாமிரச் சட்டை அணிவித்தார்கள்.

போர்க்களத்தை விட்டு ஈயம் விலகினாலும் விளையாட்டுக் களத்தை விட்டு விலகவில்லை. பன்னாட்டுப் போட்டிகளில் கைத்துப்பாக்கிக்கு ஈயம் அல்லது அதுபோன்ற மென்பொருளால் ஆன குண்டே விதி. 2012ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் விஜய் குமார் 25 மீட்டர் விரைவுச் சுடுதலில் வெள்ளிப் பதக்கம் வென்றாரே, அதிலும் பாய்ந்தவை ஈயக் குண்டுகளே. அமெரிக்கா முதலிய நாடுகளில் சுட்டு முடித்த பித்தளைக் கூட்டை எடுத்து, மறுபடி மருந்தும் குண்டும் தாமே இட்டு நிரப்பும் பயிற்சியாளர்கள் மிகப் பலர். ஈயத்தை உருக்கிக் குண்டு வார்ப்போரும் அவர்களுள் உண்டு. நம் நாட்டில் 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா செய்தல் குற்றமாகும். அவர்கள் கண்டறிந்த உண்மை மட்டும் நமக்குப் பாடம்.

அவர்களைத் திகைக்க வைத்த புதிர் இதுதான். புகையற்ற மருந்தைத்தான் இடுகிறோம். ஆனாலும் சுட்டதும் புகை எழுகிறது. உள்ளரங்கில் பத்து முறை சுட்டால் குறிப்பலகை மங்குகிறது. பலரும் மருந்தைப் பழித்து வேறு மருந்தை வாங்கினர். புகை சற்றே கூடியது அல்லது குறைந்தது, ஒழியவில்லை. பிறகு ஒரு சோதனை செய்தார்கள். அதே கூடு, அதே மருந்து, அதே அளவு. குண்டை மட்டும் மாற்றித் தாமிரச் சட்டையிட்டதை வைத்தார்கள். புகை பெரும்பாலும் காணாமற்போயிற்று. புகைந்தது மருந்தன்று; குண்டின்மேல் இருந்த மசகே என்பது அப்போது விளங்கியது.

எங்கள் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் லேத்தில் வேலை செய்யும் எந்த இளைஞனும் இதை உடனே புரிந்துகொள்வான். உளி இரும்பைச் சீவும்போது புகை வருகிறது. இரும்பு புகைவதில்லை, உளியின் சூடு தாங்காமல் அதன்மேல் ஊற்றிய எண்ணெய் புகைகிறது. தோசைக்கல்லில் புகைவதும் கல்லன்று. துப்பாக்கிக் குழலுக்குள் ஆயிரக்கணக்கான பாகை வெப்பமுள்ள வாயு, குண்டின் அடியிலும் பக்கத்திலும் உள்ள மெழுகைத் தீய்க்கிறது. தீய்ந்த மெழுகு நீலம் படர்ந்த வெண்புகையாய் வெளியேறுகிறது.

காரணம் தெரிந்தபின் பரிகாரங்கள் ஒவ்வொன்றாய் வந்தன. குண்டில் பல பள்ளங்கள் இருந்தால் எல்லாவற்றையும் நிரப்பாமல் ஒன்றை மட்டும் நிரப்பினர். பெரும்பாலும் அதுவே போதுமானதாயிருந்தது. குண்டின் அடியில் ஒட்டிக்கிடக்கும் மெழுகைத் துடைத்தெறிந்தனர். நெருப்பு முதலில் தொடுவது அவ்விடத்தைத்தானே. எளிதில் இளகும் கொழுப்புக்கு மாற்றாகக் கெட்டியான மெழுகுகளைச் சேர்த்தனர். குண்டின் அடியில் சிறு தாமிரக் கிண்ணம் பொருத்தி நெருப்புக்கும் ஈயத்துக்கும் நடுவே தடுப்பு வைத்தனர். அண்மைக் காலத்தில் மெழுகையே விட்டுவிட்டு, குண்டு முழுவதற்கும் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சிட்டுச் சூளையில் சுட்டு இறுக்கும் முறை பரவியுள்ளது. மருந்துக்கும் இதில் ஒரு சிறு பங்கு உண்டு. மென்மையான பயிற்சித் தோட்டாவில் அழுத்தம் போதாவிட்டால் மருந்து முழுவதும் எரியாமல் தானும் கொஞ்சம் புகையும். விரைந்து எரியும் வகை மருந்து அவ்வாறு மீதியாவது குறைவு.

நேயர்களே, இத்துடன் கதை முடிந்துவிட்டால் இது வெறும் கைத்தொழில் குறிப்பாகப் போய்விடும். சொல்லவேண்டிய முக்கியமான செய்தி இனிமேல்தான் இருக்கிறது.

கண்ணுக்குத் தெரியும் புகையை நீக்கியவர்கள் காற்று தூய்மையாகிவிட்டது என்று எண்ணினர். தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்க ஒரு பொட்டு இருக்கிறது. தீபாவளித் துப்பாக்கியில் நீங்கள் வெடிக்கும் கேப்பின் பெரிய அண்ணன் அது. முற்காலத்தில் அதில் பாதரசச் சேர்மம் இருந்தது. பின்னர் அவ்விடத்தில் ஈயச் சேர்மம் ஒன்று வந்தது. பெரும்பாலான தோட்டாக்களில் இன்றும் அதுவே. ஒவ்வொரு முறை சுடும்போதும் பொட்டிலுள்ள ஈயமும், குண்டின் அடியில் உரசி ஆவியாகும் ஈயமும் மிக நுண்ணிய தூளாய்க் காற்றில் கலக்கின்றன. இத்தூள் கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. மூச்சிலும், கழுவாத கையால் உண்ணும் சோற்றிலும் உடலுக்குள் சென்று எலும்பில் தங்கிவிடும். சாயங்காலம் வீடு திரும்புவோரின் சட்டையில் ஒட்டிச் சென்று குழந்தைகளையும் அடையும். தீங்கற்றது என்று சொல்லத்தக்க ஈய அளவு எதுவும் அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு.

இதைப் போன்ற ஒன்றை நம் சாலைகளிலேயே நாம் கண்டிருக்கிறோம். பெட்ரோலில் ஈயம் கலப்பது இந்தியாவில் 2000ஆம் ஆண்டில் முற்றிலும் நிறுத்தப்பட்டது. அதற்குமுன் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் லாரியின் கரும்புகையைக் கண்டு மூக்கைப் பொத்தியவர்கள், பக்கத்தில் புகையின்றி ஓடிய காரைக் கண்டு அஞ்சவில்லை. ஈயம் வந்தது அந்தக் காரிலிருந்து.

ஆகவே சுடுபயிற்சி அரங்குகளில் இக்காலத்தில் முதற்கவனம் காற்றோட்டத்தின்மேல் இருக்கிறது. சுடுவோரின் முதுகுப்புறமிருந்து வரும் காற்று, புகையையும் தூளையும் குறிப்பலகையின் பக்கம் தள்ளிச் சென்று வெளியேற்றவேண்டும். பயிற்சி முடிந்ததும் கையும் முகமும் கழுவவேண்டும். தரையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கலாகாது. பெருக்கினால் படிந்த ஈயம் மறுபடி எழும். ஒரு மணி நேரம் சுட்டுவிட்டுப் போகும் வீரனைவிட, நாள் முழுதும் அங்கேயே நிற்கும் பயிற்றுநரும், மாலையில் தரையைப் பெருக்கும் தொழிலாளியும்தான் இதில் மிகுதியாய்த் துன்புறக்கூடியவர்கள். புகை குறைந்ததால் மகிழ்ந்தவர் ஒருவர், தூளை ஏற்றவர் வேறொருவர் என்று ஆகிவிடலாகாது.

ஆவடியில் 2021 அக்டோபர் முதல் கவச வாகனத் தொழிற்சாலைகள் புதிய அரசு நிறுவனமொன்றின்கீழ் இயங்குகின்றன. அருவங்காட்டுக் கார்டைட் தொழிற்சாலை அதே நாளில் வெடிபொருள்களுக்கான மற்றொரு நிறுவனத்தைச் சேர்ந்தது. அருவங்காடு பிறந்தது புகையை ஒழிக்க. ஆவடி டாங்கிகளின் கோபுரத்திலோ புகைக்குண்டு எறியும் குழல்கள் பொருத்தப்பட்டுள்ளன. ஆபத்து நேரும்போது தாமே புகையெழுப்பி அதற்குள் மறைவதற்காக. ஓரிடத்தில் பகையாயிருப்பது இன்னோரிடத்தில் கேடயமாகிறது. புகையை நன்று என்றும் தீது என்றும் பொதுவாகச் சொல்லிவிட முடியாது. அது எதிலிருந்து எழுகிறது, யாருடைய மூச்சில் சேர்கிறது என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டால்தான் விடை கிடைக்கும்.

வரலாறும் வேதியியலும் பயிலும் மாணவர்கள் இவ்விரண்டு கேள்விகளையும் தம் சோதனைக்கூடத்திலும், தம் ஊர் ஆலையின் வாசலிலும் கேட்டுப் பழகவேண்டும்.